பழைய பேருந்து வீட்டுக்குப் புதிய பக்கக் கண்ணாடிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வட அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்களில் சிலர், ஓய்வு பெற்ற நெடுந்தூரப் பேருந்தை வாங்கி, அதற்குள் படுக்கையும் சமையலறையும் அமைத்து, குடும்பத்தோடு ஊர் ஊராகப் பயணம் செய்து வருகிறார்கள். அண்மையில் அவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பக்கக் கண்ணாடிகள் பற்றிய கேள்விகளே மிகுதியாக இருந்ததால், அவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் அளிக்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓட்டுநர் இருக்கை வண்டியின் இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். கீழே இடம், வலம் என்று நான் குறிப்பிடுவதை அந்த அமைப்பை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: என்னிடம் 1984ஆம் ஆண்டில் தயாரான, எம்.சி.ஐ. நிறுவனத்தின் எம்.சி.-9 பேருந்து உள்ளது. முந்தைய உரிமையாளர் அதை வாகன வீடாக மாற்றியிருக்கிறார். இருபுறமும் ஆறு அங்குல அகலமுள்ள பழைய நீள்சதுரக் கண்ணாடிகள்தான் இருக்கின்றன. இடப்பக்கம் ஓரளவு தெரிகிறது; வலப்பக்கத் தடத்தில் வரும் கார்களோ திடீரென்று முளைத்தது போலத் தோன்றுகின்றன. புதிய சொகுசுப் பேருந்துகளில் உள்ள பெரிய கண்ணாடிகளை வாங்கிப் பொருத்திவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடுமா?
*வாசகர், டெக்சாஸ்*

பதில்: தீரலாம். ஆனால் எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன், உங்கள் இருக்கையில் அமர்ந்தபடி சில அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்து அழகான கண்ணாடியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதைப் பொருத்த இடம் தேடுகிறார்கள். உங்கள் கண் எங்கே இருக்கிறது, அங்கிருந்து கண்ணாடி எவ்வளவு தொலைவில் நிற்கப்போகிறது என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொண்டால், தேவையான அளவும் வகையும் தாமாகவே விளங்கிவிடும்.

எம்.சி.-9 ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 2.44 மீட்டர் அகலமும் உள்ள வண்டி. இருக்கையில் அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணிலிருந்து இடப்பக்கக் கண்ணாடி சுமார் 1.1 மீட்டர் தொலைவிலும், வலப்பக்கக் கண்ணாடி சுமார் 2.3 மீட்டர் தொலைவிலும் இருக்கும். சமதள ஆடி ஒன்றில் தெரியும் காட்சியின் அகலம், அந்த ஆடி கண்ணிலிருந்து விலக விலகக் குறைந்துகொண்டே போகும். ஆறு அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே அளவு ஆடிகளை இருபுறமும் வைத்துக் கணக்கிட்டால், வண்டியின் வால்பகுதிக்கு நேரான இடத்தில் ஒரு கண்ணுக்கு இடப்பக்கம் தெரியும் அகலம் ஏறத்தாழ 1.6 மீட்டர், வலப்பக்கம் தெரிவது ஏறத்தாழ 0.8 மீட்டர் மட்டுமே. இரண்டு கண்களும் சேரும்போது இரு அளவுகளும் சற்று விரியும் என்றாலும், இடப்பக்கத்தில் தெரிவதில் பாதிதான் வலப்பக்கத்தில் தெரியும் என்ற நிலை மாறாது. அமெரிக்க விரைவுச் சாலையில் ஒரு தடத்தின் அகலம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். ஆகவே, உங்கள் வலப்பக்கக் கண்ணாடி அந்தத் தடத்தின் மிகச் சிறிய பகுதியை மட்டுமே காட்டுகிறது. கார்கள் திடீரென்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். உங்கள் கவனக்குறைவு அன்று.

இதோடு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. இந்தப் பேருந்து பயணிகளை ஏற்றிச் சென்ற காலத்தில், ஓட்டுநர் தலையைத் திருப்பினால் வலப்பக்கத்துப் பெரிய சன்னல்களின் வழியாகப் பக்கத்துத் தடத்தை ஓரளவு பார்க்க முடிந்தது. வாகன வீடாக மாற்றும்போது அந்தச் சன்னல்களில் பலவற்றை அலுமினியத் தகடு வைத்து மூடிவிடுகிறார்கள். உள்ளே அலமாரியும் குளியலறையும் எழுந்துவிடுகின்றன. அதனால் ஓட்டுநருக்கு மிஞ்சுவது வெளியே தொங்கும் இரண்டு கண்ணாடிகள் மட்டுமே. பழைய கண்ணாடிகள் அந்தக் காலத்து ஓட்டுநருக்குப் போதுமானவையாக இருந்தன என்ற வாதம், மாற்றியமைத்த வண்டிக்கு ஒருபோதும் பொருந்தாது.

என் பரிந்துரை இது. வலப்பக்கத்துக்கு 20 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் 40 சென்டிமீட்டர் அளவு உயரமும் உள்ள சமதள ஆடியும், அதன் கீழே தனியாகத் திருப்பக்கூடிய, வெளிப்புறமாகப் புடைத்த குவி ஆடியும் உள்ள அமைப்பைத் தேடுங்கள். இடப்பக்கத்துக்கு இப்போதுள்ள அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். இருபுறமும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பினால், வலப்பக்கத்துக்குத் தேவையான அளவையே இடப்பக்கத்துக்கும் வாங்குங்கள். அளவை இறக்கிச் சமன் செய்யாதீர்கள். இண்டியானா மாநிலத்து எல்கார்ட் நகரைச் சேர்ந்த ராம்கோ, விஸ்கான்சின் மாநிலத்து வெல்வாக், நியூயார்க்கைச் சேர்ந்த ரோஸ்கோ ஆகிய நிறுவனங்கள் இத்தகைய கண்ணாடிகளுக்குப் பெயர் பெற்றவை. யாரிடம் வாங்கினாலும், ஆடி உடைந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வலப்பக்கத்தில் வெயில் மறைப்புத் துணி சுருட்டி வைக்கும் குழாய் பொருத்தியிருந்தால், அது வண்டியின் பக்கவாட்டைத் தாண்டிச் சற்று வெளியே துருத்திக்கொண்டு, கண்ணாடியின் உட்புற ஓரத்துக் காட்சியை மறைக்கும். அப்படியிருந்தால் கண்ணாடியைத் தாங்கும் கையை அந்த அளவுக்கு நீட்ட வேண்டியிருக்கும். அமெரிக்காவில் வண்டியின் அதிகபட்ச அகலம் 102 அங்குலம் என்று கூட்டரசு விதி இருந்தாலும், பின்நோக்குக் கண்ணாடிகள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. உங்கள் வண்டியின் அகலமோ 96 அங்குலம்தான். எனவே கையை நீட்டுவதில் சட்டச் சிக்கல் எதுவும் எழாது. இருந்தாலும் குறுகிய பாலங்களிலும் எரிபொருள் நிலையங்களிலும் அந்தக் கூடுதல் நீளத்தை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: இருபுறமும் பெரிய குவி ஆடிகளையே பொருத்திவிட்டால் எல்லாத் தடங்களும் தெரியும், சமதள ஆடியே தேவையில்லை என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். இது சரியா?
*வாசகர், அரிசோனா*

பதில்: சரியன்று. அமெரிக்கக் கூட்டரசின் வாகனப் பாதுகாப்புத் தரம் 111, 4,536 கிலோவுக்கு மேல் மொத்த எடை வரம்புள்ள பேருந்துகளுக்கு, இருபுறமும் உருவத்தைச் சுருக்காமல் காட்டும் ஆடி இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொன்றின் பரப்பும் 323 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் கூறுகிறது. அவை அசையாத தாங்கியில், மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பக்கூடியவையாக அமைய வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. இது தயாரிப்பாளர்களுக்காக எழுதப்பட்ட தரம்தான் என்றாலும், அதற்குக் கீழே இறங்கிப் பொருத்துவதற்கு நல்ல காரணம் ஒன்றும் இல்லை. ஆறு அங்குல அகலமும் பதினாறு அங்குல உயரமும் உள்ள பழைய லாரிக் கண்ணாடியின் பரப்பே ஏறத்தாழ 619 சதுர சென்டிமீட்டர் இருக்கிறது.

விதியைவிட அதன் பின்னால் உள்ள காரணம்தான் முக்கியமானது. குவி ஆடி பரந்த காட்சியைத் தருவது, உருவங்களைச் சுருக்குவதால்தான். அரை மீட்டர் வளைவு ஆரமுள்ள குவி ஆடியை எடுத்துக்கொள்வோம். 20 மீட்டர் பின்னால் வரும் கார், இடப்பக்கத்தில் சமதள ஆடியில் தெரியும் அளவில் ஐந்தில் ஒரு பங்காகவும், வலப்பக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகவும் அந்தக் குவி ஆடியில் தெரியும். கண்ணிலிருந்து ஆடி விலகியிருப்பது குவி ஆடியை இரட்டிப்பாகப் பாதிக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. அவ்வளவு சிறிதாகத் தெரியும் கார் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதை யாராலும் கணிக்க இயலாது. பக்கத்துத் தடத்தில் வண்டி இருக்கிறதா என்ற கேள்விக்குக் குவி ஆடி விடை சொல்லும். அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு விரைவாக வருகிறது என்ற கேள்விகளுக்குச் சமதள ஆடியிடம்தான் போக வேண்டும்.

இதிலிருந்து வாங்கும்போது பயன்படும் ஒரு விதி கிடைக்கிறது. வலப்பக்கத்துக் குவி ஆடியின் வளைவு, இடப்பக்கத்தில் உள்ளதைவிட மென்மையாக, அதாவது வளைவு ஆரம் பெரிதாக இருப்பது நல்லது. கடையில் இரண்டையும் அருகருகே வைத்து, ஒரே பொருளின் உருவம் எதில் பெரிதாகத் தெரிகிறது என்று பாருங்கள். பெரிதாகத் தெரிவதை வலப்பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு பெரிதாகவும் வளைவு மென்மையாகவும் உள்ள ஆடி, சிறிய பொத்தான் போன்ற வளைவான ஆடியைவிட எப்போதும் மேலானது.

கேள்வி: புதிய பேருந்துகளில் கூரையின் முன்மூலையிலிருந்து வளைந்து தொங்கும் கண்ணாடிகள் உள்ளன. பழைய பேருந்தில் சன்னலுக்கு வெளியே பக்கவாட்டில் நீளும் கைகளில்தான் கண்ணாடிகள் இருக்கின்றன. எங்கள் பேருந்துக்கு எது ஏற்றது? நாங்கள் ஆண்டில் பாதி நாட்களை மழைப் பகுதிகளில் கழிக்கிறோம்.
*வாசகி, ஓரிகன்*

பதில்: மழைப் பகுதிகளில் மிகுதியாகப் பயணம் செய்கிறீர்கள் என்பதால், கூரையிலிருந்து தொங்கும் வகையை நீங்கள் கட்டாயம் ஆராய வேண்டும். அந்தக் கண்ணாடிகள் முன்புறக் கண்ணாடியின் வழியாகவே கண்ணில் படும். அந்தப் பரப்பை வைப்பர் துடைத்துக்கொண்டே இருக்கும். பக்கவாட்டுக் கண்ணாடியை ஓட்டுநர் பக்கச் சன்னலின் வழியாகப் பார்க்க வேண்டியிருப்பதால், அந்தச் சன்னலில் நீர்த்துளி படிந்தாலோ உட்புறம் ஆவி படர்ந்தாலோ காட்சி மங்கிவிடுகிறது. பழைய பேருந்துகளில் அந்தச் சன்னல் பக்கவாட்டில் நகரும் வகையாக இருந்தால், நடுவில் நிற்கும் சட்டமும் பார்வையை வெட்டுகிறது. முன்னால் தொங்கும் கண்ணாடிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சாலையிலிருந்து கண்ணை எடுத்துக் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டிய கோணம் குறைகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தொங்கும் கண்ணாடி வண்டிக்கு முன்னால் நீண்டிருப்பதால், வாகனங்களை ஒட்டி நிறுத்தும்போதும் மரக்கிளைகள் தாழ்ந்த முகாம் தளங்களுக்குள் நுழையும்போதும் முதலில் அடிபடுவது அதுதான். இடப்பக்கத்துத் தொங்கும் கண்ணாடி, சாலைச் சந்திப்பில் இடப்பக்கம் திரும்பும்போது நடந்து கடப்பவரை மறைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது. கூரையின் மூலையில் உறுதியான சட்டம் இருக்கிறதா என்பதைப் பழைய வண்டியில் தகட்டைத் திறந்து பார்க்காமல் தீர்மானிக்க இயலாது. முன்மூலையின் மேற்பகுதி ஃபைபரால் ஆனதாக இருந்தால், உள்ளே எஃகுச் சட்டம் ஒன்றைச் சேர்த்த பிறகே அங்கே எதையும் தொங்கவிடலாம்.

இருபுறமும் ஒரே வகையைப் பொருத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வலப்பக்கத்தில் நுழைவுக் கதவு இருப்பதால் பக்கவாட்டுக் கையைப் பொருத்த அங்கே இடம் குறைவு. சில வண்டிகளில் கண்ணாடியைக் கதவின் மீதே பொருத்தியிருக்கிறார்கள். இது தவறான ஏற்பாடு. கதவு ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கண்ணாடியின் கோணம் சற்றே மாறும். ஓடும்போது கதவின் அதிர்வு முழுவதும் ஆடிக்கு வந்து சேரும். வலப்பக்கத்தில் தொங்கும் வகையையும், இடப்பக்கத்தில் கைக்கு எட்டும் பக்கவாட்டு வகையையும் வைத்துக்கொள்வது உங்கள் வண்டிக்குப் பொருத்தமாக இருக்கும் என்று கருதுகிறேன்.

கேள்வி: பெரிய கண்ணாடிகளை வாங்கிப் பட்டறையில் பொருத்தினோம். மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் ஆடி நடுங்கி, பின்னால் வரும் விளக்குகள் கோடுகளாகத் தெரிகின்றன. பொருத்திய இடத்தில் அலுமினியத் தகடும் மெல்லக் குழிந்து, ஓரத்தில் வெண்பொடி படிந்திருக்கிறது. என்ன செய்வது?
*வாசகர், ஒன்டாரியோ, கனடா*

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் இந்த இதழின் முதன்மையான கேள்வியாகக் கருதுகிறேன். கண்ணாடியை மாற்றுவோரில் பெரும்பாலோர் ஆடிக்குச் செலவிடும் கவனத்தில் பாதியைக்கூட அதைத் தாங்கும் இடத்துக்குச் செலவிடுவதில்லை. நடுங்கும் ஆடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதனால் பயன் இல்லை.

கண்ணாடியின் மீது காற்று தரும் விசையை முதலில் எண்ணிப் பாருங்கள். 40 சென்டிமீட்டர் உயரமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கண்ணாடிக் கூட்டின் மீது, மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில், ஐந்து முதல் ஆறு கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை செயல்படும். எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஏனெனில் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. எதிர்த்தடத்தில் பெரிய லாரி ஒன்று கடக்கும்போது இந்த விசை ஒரு நொடிக்குள் ஏறி இறங்குகிறது. இத்தனையையும் உங்கள் வண்டியில் தாங்கிக்கொண்டிருப்பது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத அலுமினியத் தகடு. தகடு குழிந்ததில் வியப்பில்லை.

உட்புறப் பலகையைக் கழற்றி, தகட்டுக்குப் பின்னால் சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்டறியுங்கள். வெளிப்புறத்தில் ரிவெட்டுகள் வரிசையாக இருக்கும் கோடு, பெரும்பாலும் சட்டத்தின் கோடாகவே இருக்கும். கண்ணாடியின் தாங்கி அந்தச் சட்டத்தைப் பற்றியிருக்க வேண்டும். தாங்கியின் துளைகள் சட்டத்துக்கு நேராக அமையவில்லை என்றால், உட்புறத்தில் ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியப் பட்டையை இரண்டு சட்டங்களுக்கு நடுவே பாலமாக வைத்து, அதன் வழியாக போல்ட்டுகளைச் செலுத்துங்கள். மெல்லிய தகட்டில் ரிவெட் நட்டை மட்டும் அடித்துவிட்டு அதில் போல்ட்டை முறுக்குவதை நான் ஏற்பதில்லை. அதிர்வில் அந்த நட் சில மாதங்களில் துளைக்குள் சுழலத் தொடங்கும். பிறகு அதைக் கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது. உள்ளே நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டுகளையே பயன்படுத்துங்கள். பொருத்திய பிறகு முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடியும் இறுக்கிப் பாருங்கள்.

நடுக்கத்துக்கு இரண்டாவது காரணம் கையின் நீளமும் தடிப்பும். ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட கை வளையும் அளவு, அதன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. கையை நான்கில் ஒரு பங்கு நீட்டினாலே அது ஏறத்தாழ இரண்டு மடங்கு வளையும். அதே சுவர்த் தடிப்பில் 19 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 25 மில்லிமீட்டர் குழாயைப் போட்டால், வளையாத தன்மை இரு மடங்குக்கு மேல் கூடும். இவை இரண்டையும்விட நல்ல வழி, கண்ணாடியை மேலும் கீழும் இரண்டு இடங்களில் பிடிப்பது. பழைய லாரிகளின் கண்ணாடிகள் வளையம் போன்ற இரட்டைக் கைகளில் நின்றதற்குக் காரணம் இதுதான். உங்கள் வண்டியின் தாங்கி ஒற்றைக் கையாக இருந்தால், கூட்டின் கீழ்முனையிலிருந்து வண்டியின் உடலுக்கு ஒரு மெல்லிய தாங்குகோலைச் சேர்த்தாலே பெரும்பாலான நடுக்கம் அடங்கிவிடும். ஆனால் கிளை மோதினால் கண்ணாடி மடங்கித் திரும்ப வேண்டும் என்பதால், அந்தக் கோலின் இரு முனைகளும் திரும்பும் மூட்டுகளாக இருக்க வேண்டும். கோல் கண்ணாடியை முற்றிலும் பூட்டிவிட்டால், மோதலின் விசை தகட்டைக் கிழித்துவிடும்.

ஓரத்தில் படிந்துள்ள வெண்பொடி, அலுமினியம் அரிக்கப்படுவதன் அடையாளம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் அலுமினியத் தகடும் நேராகத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புநீர் சேர்ந்தால் அலுமினியம் கரையத் தொடங்கும். கனடாவின் குளிர்காலச் சாலைகளில் உப்பு தூவுவதால், உங்கள் பகுதியில் இது மிக விரைவாக நடக்கும். வெண்பொடியைத் தூரிகையால் தேய்த்து எடுத்து (சாதாரண எஃகுத் தூரிகை வேண்டாம், நைலான் அல்லது ஸ்டெயின்லெஸ் தூரிகை போதும்), பளிச்சிடும் அலுமினியம் தெரிந்ததும் பூச்சு அடித்து, தாங்கிக்கும் தகட்டுக்கும் நடுவே செயற்கை ரப்பர் தகடு ஒன்றை வையுங்கள். போல்ட்டின் தலைக்கு அடியில் நைலான் வாஷரும், துளையின் உள்விளிம்பில் பியூட்டைல் பசைநாடாவும் இருக்கட்டும். சாதாரணப் பட்டறைகளில் இந்தப் படியைத் தவிர்த்துவிடுகிறார்கள். நீங்கள் அருகில் நின்று செய்யச் சொல்லுங்கள். அந்தத் துளையின் வழியாக நீர் உள்ளே இறங்கினால், அது போய்ச் சேரும் இடம் ஓட்டுநர் பலகைக்குப் பின்னால் உள்ள மின்னிணைப்புகளாகத்தான் இருக்கும்.

கேள்வி: சூடேறும் வசதியும், உள்ளிருந்தே திருப்பும் மோட்டாரும் உள்ள கண்ணாடிகளை வாங்கியிருக்கிறேன். அவற்றில் 12 வோல்ட் என்று குறித்திருக்கிறது. என் பேருந்தில் 24 வோல்ட் மின்கலங்கள் உள்ளன. இரண்டு மின்கலங்களில் ஒன்றிலிருந்து மட்டும் இணைப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக் கூறுகிறார்.
*வாசகர், மினசோட்டா*

பதில்: அப்படிச் செய்ய வேண்டாம். தொடராக இணைந்த இரண்டு மின்கலங்களில் ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்தால், அந்த ஒன்று கூடுதலாகக் காலியாகும். ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்தே மின்னேற்றம் செய்வதால், ஒன்று எப்போதும் குறையாகவும் மற்றொன்று மிகையாகவும் மின்னேற்றம் பெறும்; இரண்டும் விரைவில் கெடும். பேருந்தில் இரு மின்கலங்களையும் சமன்படுத்தும் கருவி ஏற்கெனவே இருந்து, அது சரியாக இயங்கினால் அதன் 12 வோல்ட் முனையிலிருந்து எடுக்கலாம். இல்லையென்றால் 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் மாற்றி ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். அதன் திறன், இரு கண்ணாடிகளும் சேர்ந்து எடுக்கும் மின்னோட்டத்தைவிட ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

12 வோல்ட் சூடேற்றியைத் தவறுதலாக 24 வோல்ட்டில் இணைத்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மின்னழுத்தம் இரட்டிப்பானால் வெப்பத் திறன் நான்கு மடங்காகும். 24 வாட் எடுக்க வேண்டிய தகடு 96 வாட் எடுக்கும். ஆடியின் பின்பூச்சு கருகும், கண்ணாடி விரிசல் விடும், பிளாஸ்டிக் கூடு உருகவும் கூடும். எம்.சி.-9 போன்ற வண்டிகள் 24 வோல்ட்டில் இயங்குபவை, பழைய ஜி.எம்.சி. பி.டி.-4104 போன்றவை 12 வோல்ட் வண்டிகள். ஆனால் வாகன வீடாக மாற்றியவர் இடையில் என்னென்ன மாற்றினார் என்பது ஏட்டில் இருக்காது. நீங்கள் இணைக்கப்போகும் ஒயரை மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கைவையுங்கள்.

சூடேற்றியின் இணைப்பு, சாவி திருப்பிய பிறகு மட்டும் இயங்கும் ரிலே வழியாகச் செல்ல வேண்டும். முகாமில் நிறுத்திய வண்டியில் இரவு முழுவதும் சூடேற்றி எரிந்து மின்கலம் காலியாவதை இது தடுக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி ஃபியூஸ் வைத்தால், ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் இயங்கும். கையின் குழாய்க்குள் ஒயரைச் செலுத்தும்போது, உடலுக்குள் நுழையும் துளைக்குக் கீழே அது சற்றுத் தொங்கி மேலேறும்படி விடுங்கள். ஒயர் வழியாக இறங்கும் மழைநீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது.

இரு பக்கத்துக்கும் மோட்டார் வைக்கப் பணம் போதவில்லை என்று இன்னொரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன்: வலப்பக்கத்துக்கு மட்டும் வையுங்கள். இடப்பக்கக் கண்ணாடியைச் சன்னல் வழியாகக் கைநீட்டித் திருப்பிவிடலாம். வலப்பக்கத்துக்கு ஒருவர் வெளியே ஏணியில் நிற்க, மற்றவர் உள்ளிருந்து சொல்லச் சொல்லத் திருப்ப வேண்டியிருக்கும். கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டும் வண்டியில், இந்த ஒரு மோட்டாருக்குக் கொடுக்கும் பணம் நல்ல செலவே.

கேள்வி: கண்ணாடியின் கூடும் கையும் நல்ல நிலையில் உள்ளன. ஆடியின் ஓரங்களில் மட்டும் கறுப்புப் புள்ளிகள் பரவியிருக்கின்றன. ஆடியை மட்டும் மாற்றலாமா?
*வாசகர், நியூ ஜெர்சி*

பதில்: சமதள ஆடி என்றால் தாராளமாக மாற்றலாம். கண்ணாடி வெட்டும் கடையில் பழைய ஆடியைக் கொடுத்து, அதே அளவிலும் தடிப்பிலும் வெட்டச் சொல்லி, ஓரங்களை மழுக்கித் தரக் கேளுங்கள். கறுப்புப் புள்ளிகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவுவதற்குக் காரணம், வெட்டிய விளிம்பு வழியாக ஈரம் வெள்ளிப் பூச்சுக்குள் நுழைவதுதான். எனவே புதிய ஆடியின் விளிம்பில், விளிம்புக்கென்றே விற்கும் பூச்சை அடித்த பிறகு பொருத்துங்கள். ஒட்டுவதற்கு வினிகர் மணம் வீசும் சிலிக்கானைப் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து வெளிப்படும் அமிலம் வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும். நடுநிலையில் இறுகும் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். குவி ஆடியைத் தயாரிப்பாளரிடமிருந்துதான் வாங்க வேண்டும். அதைச் சாதாரணக் கடையில் உருவாக்க இயலாது.

கேள்வி: பக்கவாட்டுக் கேமராக்களைப் பொருத்தி, கண்ணாடிகளை அடியோடு நீக்கிவிடலாமா?
*வாசகர், கலிஃபோர்னியா*

பதில்: கூடாது. நான் மேலே குறிப்பிட்ட தரம் 111 ஆடிகளையே கேட்கிறது. கேமரா கூடுதல் துணையாக இருக்கலாம். குறிப்பாக, வண்டிக்கு நேர் பின்னால் இழுத்து வரும் கார், எந்தப் பக்கக் கண்ணாடியிலும் தெரியாது என்பதால், பின்புறக் கேமராவை நான் வலியுறுத்தியே பரிந்துரைப்பேன். 2018 மே மாதம் முதல் அமெரிக்கச் சந்தைக்காகத் தயாராகும் புதிய கார்களில் பின்புறக் கேமரா கட்டாயம். 4,536 கிலோவுக்கு மேற்பட்ட உங்கள் வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: புதிய கண்ணாடிகளைப் பொருத்தியாகிவிட்டது. அவற்றை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்பதற்கு முறை ஏதும் உண்டா?
*வாசகி, வர்ஜீனியா*

பதில்: உண்டு. அமெரிக்க வணிக ஓட்டுநர் உரிமக் கையேட்டில் பள்ளிப் பேருந்துகளுக்காக எழுதப்பட்ட பகுதி, உங்கள் வண்டிக்கும் அப்படியே பொருந்தும். சமதள ஆடியில், பேருந்துக்குப் பின்னால் 200 அடி அல்லது நான்கு பேருந்து நீளம் தெரிய வேண்டும். பேருந்தின் பக்கவாட்டும், பின்சக்கரம் தரையைத் தொடும் இடமும் தெரிய வேண்டும். குவி ஆடியில், கண்ணாடி பொருத்தியுள்ள இடம் வரை வண்டியின் பக்கம் முழுவதும், பின்சக்கரத்தின் முன்பகுதி தரையைத் தொடும் இடமும், ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது ஒரு சாலைத் தடமும் தெரிய வேண்டும்.

இதைச் செய்து பார்க்க, வாரக் கடைசியில் காலியாக இருக்கும் வாகன நிறுத்தத் திடல் போதும். இருக்கையை நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் வைத்து, பெல்ட்டும் அணிந்துகொண்டு அமருங்கள். உங்கள் கணவரோ வேறொருவரோ சாலைக் கூம்புகளை வண்டியின் வால்பகுதிக்கு நேராக, பக்கவாட்டிலிருந்து ஒரு மீட்டரிலும் மூன்றரை மீட்டரிலும் வைக்கட்டும். சமதள ஆடியின் உட்புற ஓரத்தில் வண்டியின் பக்கம் ஒரு மெல்லிய பட்டையாகத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் தெரிவதெல்லாம் வீணாகும் பரப்பு. பிறகு அவர் வலப்பக்கத் தடத்தில் வால்பகுதியிலிருந்து முன்கதவு வரை மெல்ல நடந்து வரட்டும். சமதள ஆடியிலிருந்து அவர் மறையும் முன்பே குவி ஆடியில் தோன்ற வேண்டும். குவி ஆடியிலிருந்து மறையும் முன்பே கதவின் சன்னல் வழியாக நேரில் தெரிய வேண்டும். இடையில் எங்காவது அவர் முற்றிலும் மறைந்தால், அந்த இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, அவர் தெரியும் வரை குவி ஆடியைத் திருப்புங்கள். அப்படியும் தெரியவில்லையென்றால், கதவின் முன்மூலையில் கீழ்நோக்கிப் பார்க்கும் சிறிய குவி ஆடி ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, ஸ்டீயரிங்கை முழுவதும் வலப்பக்கம் திருப்பி, மிக மெதுவாக முன்னே நகருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால்பகுதி இடப்பக்கமாக வெளியே வீசும். அந்த வீச்சு இடப்பக்கக் கண்ணாடியில் முழுவதும் தெரிகிறதா என்று பாருங்கள். எரிபொருள் நிலையத்திலிருந்து வெளியேறும்போது தூண்களில் உரசுவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான். தெரியவில்லையென்றால், இடப்பக்கச் சமதள ஆடியை மிகச் சிறிதளவு உள்நோக்கித் திருப்பி, கூம்புகளை வைத்து மறுபடியும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.